குரங்கருகே வாழ்ந்தவரின் இரத்தம் என்ன சொல்லும்?

மதுரை கோரிப்பாளையத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்திற்குள் அழகர்கோயிலை அடைந்துவிடலாம். அங்கே நம்மை முதலில் வரவேற்பவை குரங்குகள்தாம். உச்சந்தலை மயிரை நடுவகிடு எடுத்து வாரிவிட்டாற்போன்ற தோற்றமுடைய இவற்றை நாட்டுக் குரங்குகள் என்கிறோம். தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இவை இயற்கையாக வாழ்வதில்லை. பொரி கொடுப்பவரிடம் வாங்கிக்கொள்ளும், கொடுக்காதவரிடம் பிடுங்கிக்கொள்ளும். அவ்வளவு நெருக்கமாக அவை நம்மோடு பழகிவிட்டன.

உயிரின வகைப்பாட்டிலும் இந்த நெருக்கம் உண்டு. மனிதன், வாலில்லாக் குரங்கு, வாலுள்ள குரங்கு ஆகிய யாவும் பிரைமேட் என்னும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. உடலமைப்பில் ஒற்றுமை இருப்பதால், ஓருயிரைத் தாக்கும் வைரஸ் மற்றோருயிரையும் தாக்க இடமுண்டு. அப்படியானால் சில கேள்விகள் எழுகின்றன. குரங்குக்கு வந்த நோய் மனிதருக்கும் வருமா? வந்திருக்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? குரங்கோடு பழகியவர் அனைவரையும் சோதிக்க வேண்டுமா?

இக்கேள்விகளுக்கு விடை காண நாம் கர்நாடகத்தின் மலைக்காடுகளுக்குப் போக வேண்டும். விலங்கிலிருந்து வந்த நோயை மனிதரின் இரத்தத்தில் தேடிக் கண்டுபிடித்த வரலாறு அங்கே நடந்தது.

கியாசனூர்க் காட்டில் செத்து விழுந்த குரங்குகள்

1957ஆம் ஆண்டு மார்ச் மாதம். அப்போதைய மைசூர் மாநிலத்தின் ஷிமோகா மாவட்டத்தில் சொரபா, சாகரா வட்டாரக் காடுகளில் குரங்குகள் செத்துக் கிடப்பதாகச் செய்தி வந்தது. மடிந்தவை இரண்டு வகை. ஒன்று, நாம் அழகர்கோயிலில் காணும் அதே நாட்டுக் குரங்கு. மற்றொன்று, லங்கூர் என்று சொல்லப்படும் கறுத்த முகமும் நீண்ட வாலும் உடைய சாம்பல் மந்தி.

அதே சமயத்தில் காட்டோரக் கிராமங்களில் மக்களும் கடுங்காய்ச்சலில் விழுந்தனர். தலைவலி, தாங்க முடியாத தசைவலி, வாந்தி, சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் இரத்தக் கசிவு. விறகு வெட்டவும், மாடு மேய்க்கவும், தழை சேகரிக்கவும் காட்டுக்குள் சென்று வந்தவர்களே பெரும்பாலும் நோயுற்றனர். ஊர் மக்கள் இரண்டையும் இணைத்துப் பார்த்துவிட்டனர். கன்னடத்தில் 'மங்கன காயிலே', அதாவது குரங்கு நோய் என்று அதற்குப் பெயரிட்டனர்.

புனாவில் (இன்றைய புனே) 1952ஆம் ஆண்டிலேயே வைரஸ் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டிருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளையும் சேர்ந்து அதை நிறுவின. இன்று அது தேசிய வைரஸ் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயரில் இயங்கி வருகிறது. செய்தி கிடைத்ததும், அதன் இயக்குநர் டாக்டர் டெல்ஃபோர்டு வொர்க், அறிஞர் ஹரோல்டு டிராபிடோ முதலியோர் அடங்கிய குழு ஷிமோகாவுக்கு விரைந்தது.

மஞ்சள் காய்ச்சல் என்ற அச்சம்

குரங்குகள் சாவது ஏன் அத்தனை பெரிய செய்தியாயிற்று? காரணம் தென்னமெரிக்காவில் இருக்கிறது. அங்குள்ள காடுகளில் குரங்குகள் கூட்டமாக மடிந்தால், பின்னாலேயே மஞ்சள் காய்ச்சல் வருகிறது என்று பொருள். அது கொசுவால் பரவும் கொடிய வைரஸ் நோய். அதைப் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசு நம் ஊர்த் தண்ணீர்த் தொட்டிகளில் ஏராளமாக உண்டு. ஆனால் மஞ்சள் காய்ச்சல் வைரஸ் மட்டும் இந்தியாவுக்குள் நுழைந்ததேயில்லை. அது நுழைந்துவிட்டதோ என்பதே அறிஞர்களின் கவலை.

ஐயத்தைத் தீர்க்க ஒரே வழி, வைரஸையே கைப்பற்றிப் பார்ப்பதுதான். நோயுற்ற குரங்குகளிடமிருந்தும் மனிதரிடமிருந்தும் இரத்தம் முதலியவை சேகரிக்கப்பட்டன. அவற்றைப் பிறந்து சில நாட்களேயான வெள்ளெலிக் குஞ்சுகளுக்கு ஊசி மூலம் செலுத்தினர். வைரஸ் உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே அக்காலத்தில் வெள்ளெலிக் குஞ்சே வைரஸை வளர்க்கும் பாத்திரமாக உதவியது. குஞ்சுகள் நோயுற்று இறந்தன. வைரஸ் கிடைத்துவிட்டது.

அது எந்த வைரஸ்? முன்பே அறியப்பட்ட வைரஸ்கள் ஒவ்வொன்றுக்கும் எதிரான சீரத்தை அதனோடு சேர்த்துப் பார்த்தனர். மஞ்சள் காய்ச்சலாக அது இல்லை. 1937ஆம் ஆண்டில் சோவியத் நாட்டின் கிழக்குக் கோடிக் காடுகளில் லெவ் சில்பர் என்பவரின் குழு கண்டுபிடித்த மூளைக் காய்ச்சல் வைரஸுக்கு அது நெருங்கிய உறவாக இருந்தது! அந்த ரஷ்ய நோயைப் பரப்புவது கொசுவன்று, உண்ணி. உடனே ஆராய்ச்சியாளரின் கவனம் காட்டுத் தரையில் ஊர்ந்த உண்ணிகள் மேல் திரும்பியது. அவற்றிலும் அதே வைரஸ் இருந்தது. வைரஸ் கிடைத்த குரங்கு மடிந்து கிடந்த காட்டின் பெயரால், நோய்க்குக் 'கியாசனூர்க் காட்டு நோய்' என்று பெயர் வைத்தனர்.

குரங்கு குற்றவாளியா?

ஊர் மக்கள் வைத்த 'குரங்கு நோய்' என்னும் பெயர் பாதி உண்மையையே சொல்கிறது. இந்நோயைப் பரப்புவதில் முதலிடம் 'ஹீமாபைசாலிஸ் ஸ்பைனிஜெரா' என்னும் உண்ணிக்கு. அது தன் வாழ்நாளில் மூன்று முறை இரத்தம் குடிக்கிறது. இளவுயிரியாக இருக்கும்போது எலி, மூஞ்சூறு, பறவை போன்ற சிறு உயிர்களிடமும், வளர்ந்தபின் மாடு, காட்டெருமை போன்ற பெரிய விலங்குகளிடமும் ஒட்டிக்கொள்கிறது. இவ்விரண்டு பருவங்களுக்கும் இடைப்பட்டது குறும்பருவம். கடுகை விடப் பெரிதல்லாத இந்தக் குறும்பருவ உண்ணிதான் மனிதரைக் கடிப்பது. மழைக்காலம் முடிந்து காடு உலரத் தொடங்கும்போது அது பெருகுகிறது. டிசம்பர் முதல் மே வரை இந்நோய் மிகுதியாகக் காணப்படுவதன் காரணம் இதுவே.

வைரஸ் பெற்ற உண்ணி குரங்கைக் கடிக்கிறது. குரங்கின் உடலில் வைரஸ் பல மடங்கு பெருகுகிறது. அதைக் கடிக்கும் பிற உண்ணிகளுக்கெல்லாம் வைரஸ் பரவுகிறது. குரங்கு இறந்து உடல் குளிர்ந்ததும் அதன்மேல் இருந்த உண்ணிகள் கீழே இறங்குகின்றன. இவ்வாறு குரங்கு விழுந்த இடமே நோய் பரப்பும் மையமாகிவிடுகிறது. அவ்வழியே செருப்பின்றி நடப்பவரும், அங்கே உட்கார்ந்து பீடி பற்றவைப்பவரும் கடிபடுகின்றனர்.

ஆகவே குரங்கும் நம்மைப் போல் நோய்க்கு இரையாகும் உயிரே. மனிதரில் இந்நோய் கண்டவர்களுள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் இறக்கின்றனர். குரங்குகளோ இதனால் கூட்டங்கூட்டமாக மடிகின்றன. ஒரு மனிதரிடமிருந்து மற்றொரு மனிதருக்கு இந்நோய் பரவுவதில்லை என்பது நமக்கு ஆறுதல்.

இரத்தம் எழுதி வைக்கும் குறிப்பு

ஒருவர் காட்டில் மடிந்த குரங்கைத் தொட்டார். அல்லது அந்த இடத்தில் வேலை செய்தார். பின்னர் அவருக்குக் காய்ச்சல் வந்தது. அது இந்நோய்தானா என்று எப்படி அறிவது?

இரத்தத்தில் இரண்டு பொருள்களைத் தேடலாம். ஒன்று, வைரஸ். மற்றொன்று, அவ்வைரஸை எதிர்க்க நம் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள். திருடன் வீட்டுக்குள் இருக்கும்போதே பிடிப்பது முதல் முறை. அவன் போனபின் காலடித் தடத்தைப் பார்த்து வந்து போனவன் யார் என்று சொல்வது இரண்டாம் முறை.

உண்ணி கடித்து மூன்று முதல் எட்டு நாட்களில் காய்ச்சல் தொடங்குகிறது. காய்ச்சலின் முதல் சில நாட்களில் வைரஸ் இரத்தத்தில் நிறைந்திருக்கும். இப்போது அதைப் பி.சி.ஆர். என்னும் சோதனையால் கண்டறிகிறார்கள். வைரஸின் மரபுப்பொருளில் ஒரு சிறு துண்டை மட்டும் எடுத்து, இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போனால், முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டிவிடும். வேண்டுமானால் தாளில் பெருக்கிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாதது அப்போது கருவிக்குத் தெரியும் அளவுக்கு வந்துவிடுகிறது. 1957ஆம் ஆண்டில் வெள்ளெலிக் குஞ்சுகளை வைத்து நாள்கணக்கில் காத்திருந்த வேலை, இன்று சில மணி நேரத்தில் முடிகிறது.

ஆனால் நாட்கள் செல்லச் செல்ல வைரஸ் இரத்தத்தை விட்டு மறையும். அதன்பின் பி.சி.ஆர். 'இல்லை' என்றே சொல்லும். அந்த 'இல்லை'யை நம்பி அவருக்கு நோயே வரவில்லை என்று முடிவு கட்டலாகாது. அப்போதுதான் காலடித் தடம் உதவுகிறது. காய்ச்சல் கண்டு நான்கைந்து நாளில் ஐ.ஜி.எம். என்னும் எதிர்ப்பொருள் தோன்றுகிறது. அது சில மாதங்களே நிற்கும். அடுத்து ஐ.ஜி.ஜி. என்னும் எதிர்ப்பொருள் தோன்றி நெடுநாள் நிற்கும். ஐ.ஜி.எம். இருந்தால் அண்மையில் தொற்று வந்தது என்றும், ஐ.ஜி.ஜி. மட்டும் இருந்தால் எப்போதோ வந்து போனது என்றும் பொதுவாகக் கொள்ளலாம். இவற்றை 'எலைசா' என்னும் நிறமாற்றச் சோதனையால் அளக்கிறார்கள்.

எலைசா வருமுன் இதே வேலையை வாத்தின் இரத்தச் சிவப்பணுக்களைக் கொண்டு செய்தனர். கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் எளிய தத்துவம். இவ்வகை வைரஸைச் சிவப்பணுக்களோடு கலந்தால், அணுக்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு குழியின் அடியில் பாய் விரித்தாற்போல் படியும். வைரஸ் இல்லாவிட்டால் அவை உருண்டு இறங்கி நடுவில் சட்டைப் பித்தான் போலக் குவியும். இப்போது நோயாளியின் சீரத்தை வைரஸோடு முதலில் சேர்த்து, பிறகு சிவப்பணுக்களைக் கலக்கிறோம். சீரத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் அது வைரஸை மடக்கிவிடும், பித்தான் தோன்றும். எதிர்ப்பொருள் இல்லாவிட்டால் பாய் தோன்றும்.

எதிர்ப்பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதையும் இதில் அளக்கலாம். சீரத்தை 10 மடங்கு, 20 மடங்கு, 40 மடங்கு, 80 மடங்கு என்று நீர்த்துக்கொண்டே போக வேண்டும். எந்த அளவு வரை பித்தான் தோன்றுகிறதோ அதுவே அளவுகோல். காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள் எடுத்த இரத்தத்தில் 20 என்றும், மூன்று வாரம் கழித்து எடுத்ததில் 160 என்றும் வந்தால் எட்டு மடங்கு உயர்வு. நான்கு மடங்கோ அதற்கு மேலோ உயர்ந்தால் இப்போது வந்த காய்ச்சலுக்கு இந்த வைரஸே காரணம் என்று கொள்வது மரபு. முதலிலும் 40, பின்னரும் 40 என்றால் அது பழைய தடமாக இருக்கலாம். நோயாளி குணமானபின்னும் டாக்டர் இரண்டாம் முறை இரத்தம் கேட்பது இதற்காகத்தான்.

மதுரைக்காரர் இரத்தத்தில் ஒரு சிக்கல்

இங்கே ஒரு சிக்கல் குறுக்கிடுகிறது. கியாசனூர் வைரஸ், டெங்கு, ஜப்பானிய மூளைக் காய்ச்சல், மஞ்சள் காய்ச்சல் ஆகிய நான்கின் வைரஸ்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அண்ணன் தம்பிகளின் காலடித் தடங்கள் ஒன்றுபோல் இருந்தால் துப்பறிபவர் குழம்புவார் அல்லவா? அதே நிலைதான். டெங்கு வந்து குணமானவரின் எதிர்ப்பொருள், கியாசனூர் வைரஸையும் ஓரளவு பற்றிக்கொள்ளக்கூடும். சோதனை 'ஆம்' என்று தவறாகச் சொல்லிவிடும்.

இது மதுரைக்குப் பெரிதும் பொருந்தும். தமிழ்நாட்டில் வேலூர் வட்டாரத்தில் 1955ஆம் ஆண்டிலேயே ஜப்பானிய மூளைக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. இந்நோயைப் பரப்பும் கொசு நெல்வயல் நீரில் வளர்வது. வைகைப் பாசன வயல்களில் அக்கொசுக்களை ஆராய்வதற்கு வாய்ப்பான இடத்தில், கோரிப்பாளையத்தை அடுத்த சின்னச் சொக்கிகுளத்தில், 1985ஆம் ஆண்டில் மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையம் நிறுவப்பட்டது. இன்று அது புதுச்சேரியிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தின் களப்பிரிவாகச் செயற்படுகிறது. டெங்குவோ மழைக்காலந்தோறும் மதுரையில் தலைகாட்டும் நோய். ஆகவே இங்குள்ள ஒருவரின் இரத்தத்தில் இந்தக் குடும்பத்து வைரஸ்களின் பழைய தடங்கள் இருப்பதில் வியப்பில்லை.

குழப்பத்தைத் தீர்க்க 'நடுநிலையாக்கச் சோதனை' உதவுகிறது. நோயாளியின் சீரத்தையும் உயிருள்ள வைரஸையும் கலந்து, அக்கலவையைச் செல்களில் விடுகிறார்கள். எந்த வைரஸ் செல்லைக் கொல்ல முடியாமல் தோற்கிறதோ, அதற்கென்றே உண்டான எதிர்ப்பொருள் அந்தச் சீரத்தில் இருக்கிறது. இது ஏறக்குறைய ஐயமற்ற சான்று. ஆனால் உயிருள்ள வைரஸைக் கையாள வேண்டியிருப்பதால் ஆபத்தும் மிகுதி. கியாசனூர் வைரஸை ஆராய்ந்தவர்களில் பலர் ஆய்வுக்கூடத்திலேயே நோய்வாய்ப்பட்டது உண்டு. இத்தகைய கொடிய வைரஸ்களுக்கென உயர் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் ஒன்று 2012 டிசம்பரில் புனேயில் திறக்கப்பட்டது. இந்தியாவில் அவ்வகையில் அதுவே முதலாவது.

எல்லோரையும் சோதித்தால் என்ன?

அழகர்கோயில் போய்வந்த அனைவரையும் சோதித்துவிட்டால் நிம்மதிதானே என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நூறு முறை சோதித்தால் ஐந்து முறை தவறும் ஒரு சோதனை இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்நோய் இல்லாத ஊரில் 1,000 பேரைச் சோதிக்கிறோம். உண்மையில் ஒருவருக்கும் நோயில்லை. ஆனாலும் 50 பேருக்கு 'ஆம்' என்று வரும். ஐம்பதும் தவறு! ஐம்பது வீடுகளில் அழுகை, ஊரெல்லாம் பீதி.

இப்போது அதே சோதனையைக் காட்டோர ஊர் ஒன்றுக்குக் கொண்டு போவோம். செத்த குரங்குகளைக் கையாண்டு, பின்னர் காய்ச்சலில் விழுந்த 40 பேர் இருக்கிறார்கள். அவர்களில் 20 பேருக்கு உண்மையிலேயே இந்நோய். சோதனை அந்த 20இல் 19ஐப் பிடிக்கும். நோயில்லாத 20இல் ஒருவரைத் தவறாகச் சொல்லும். ஆக, 'ஆம்' என்று வந்த 20 பேரில் 19 பேர் உண்மையான நோயாளிகள்.

சோதனை மாறவில்லை. யாரைச் சோதித்தோம் என்பது மாறியது; விடையின் மதிப்பே மாறிவிட்டது. அதனால்தான் ஊசி போடுமுன் டாக்டர் கேள்விகளை அடுக்குகிறார். காட்டுக்குப் போனீர்களா? எந்தத் தேதியில்? அங்கே குரங்கு செத்துக் கிடந்ததா? உண்ணி கடித்ததா? காய்ச்சல் என்று தொடங்கியது? இக்கேள்விகளும் சோதனையின் ஒரு பகுதியே. விடையை மறைத்தாலோ, நாளைத் தவறாகச் சொன்னாலோ, எவ்வளவு உயர்ந்த கருவியும் பயனற்றுப் போகும்.

பந்திப்பூரும் முதுமலையும்

இவ்வாறு குறிபார்த்துச் சோதித்ததன் பயன் 2012ஆம் ஆண்டின் இறுதியில் வெளிப்பட்டது. அதற்கு முன் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்நோய் ஷிமோகாவிலும் அதையொட்டிய கர்நாடக மாவட்டங்களிலும் மட்டுமே மனிதரைத் தாக்கி வந்தது. 2012இல் தெற்கே வெகுதொலைவிலுள்ள பந்திப்பூர்ப் புலிகள் காப்பகத்தில் குரங்குகள் மடியத் தொடங்கின. நோய் பரவாதிருக்க வனத்துறைத் தொழிலாளர்கள் அவ்வுடல்களைத் திரட்டி எரித்தனர். அவ்வேலையில் ஈடுபட்டவர்களில் சிலருக்குக் காய்ச்சல் கண்டது. அவர்களுடைய இரத்தம் புனேக்கு அனுப்பப்பட்டது. விடை: கியாசனூர்க் காட்டு நோய்.

பந்திப்பூரின் எல்லையில் தொடங்குவது நம் நீலகிரி மாவட்டத்து முதுமலை. மறுபக்கம் கேரளத்து வயநாடு. குரங்குக்கு மாநில எல்லை ஏது? நீலகிரியிலும் வயநாட்டிலும் மடிந்த குரங்குகளிலும் இதே வைரஸ் கண்டறியப்பட்டது. பின்னர் 2014-15இல் வயநாட்டில் மக்கள் பலர் நோயுற்றனர். அடுத்த சில ஆண்டுகளில் கோவாவிலும் மராட்டியத்தின் சிந்துதுர்க் மாவட்டத்திலும் நோய் தலைகாட்டியது. மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகிலும் விழிப்போடிருக்க வேண்டும் என்பதைச் சிலருடைய இரத்தம் முன்கூட்டியே சொல்லிவிட்டது.

இந்நோய்க்குத் தனி மருந்து இல்லை. உடலில் நீர்ச்சத்துக் குறையாமலும், இரத்தப்போக்கு மிகாமலும் பார்த்துக்கொள்வதே சிகிச்சை. முன்பு போடப்பட்டு வந்த தடுப்பூசி போதிய பலன் தராததால் அண்மை ஆண்டுகளில் கைவிடப்பட்டு, புதிய தடுப்பூசிக்கான முயற்சி நடைபெறுகிறது. ஆகவே முன்னெச்சரிக்கையே முதல் மருந்து. காட்டுக்குள் செல்வோர் உண்ணி அண்டாத எண்ணெயைப் பூசிக்கொள்கிறார்கள். உடலை மூடி உடுத்துகிறார்கள். திரும்பியதும் வெந்நீரில் குளித்து, துணிகளையும் வெந்நீரில் துவைக்கிறார்கள். குரங்கு மடிந்த இடத்தைச் சுற்றிச் சுகாதாரத் துறையினர் பூச்சிமருந்து தூவுகின்றனர்.

தொற்று வேறு, நோய் வேறு

குரங்கிலிருந்து வரும் வைரஸ் எல்லாம் நோயைத் தருவதில்லை. இந்தோனேசியாவின் பாலித் தீவில், அழகர்கோயிலைப் போலவே குரங்குகள் நிறைந்த கோயில் ஒன்று உண்டு. அங்கே குரங்குகளோடு பழகி வேலை செய்த 82 பேரின் இரத்தத்தை அறிஞர்கள் சோதித்து, முடிவை 2005ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒருவருக்கு மட்டும் 'குரங்கு நுரை வைரஸ்' தொற்றியிருந்தது. வளர்க்கும் செல்களை நுரைத்தாற்போல் ஆக்குவதால் அதற்கு அப்பெயர். அந்த வைரஸ் மனிதருக்கு எந்த நோயையும் உண்டாக்கியதாகத் தெரியவில்லை. பிறகு ஏன் சோதிக்க வேண்டும்? விலங்கிலிருந்து மனிதருக்கு வைரஸ் தாவும் பாதை திறந்திருக்கிறதா என்பதை அது காட்டுகிறது. நல்லவன் வந்த வழியே பொல்லாதவனும் வரலாம் அல்லவா?

கடித்துவிட்டால் என்ன செய்வது?

மதுரைச் சமவெளியில் வாழும் நமக்குக் காட்டு உண்ணியை விடக் கோயில் குரங்கின் பல்லே அருகில் இருக்கிறது. குரங்கு கடித்தால் முதலில் நினைக்க வேண்டியது வெறிநாய்க்கடி நோயை, அதாவது ரேபிஸை. நாய்க்கு மட்டுமன்று, எந்தப் பாலூட்டிக்கும் அது வரலாம். இங்கே இரத்தச் சோதனைக்குக் காத்திருப்பதே ஆபத்து. நோய்க்குறி தோன்றுமுன் ரேபிஸைக் காட்டிக்கொடுக்கும் சோதனை இல்லை. நோய்க்குறி தோன்றியபின் ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை. ஆனால் உடனே தடுப்பூசி போட்டுக்கொண்டால் நோயைத் தடுத்துவிடலாம். எனவே காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ, சுண்ணாம்போ, காபித்தூளோ வைக்காதீர்கள். நேரே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். டாக்டர் குறித்துக் கொடுக்கும் எல்லா நாட்களிலும் தவறாமல் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

ஆசியக் குரங்குகள் பலவற்றில் 'பி வைரஸ்' என்ற ஒன்றும் உண்டு. குரங்குக்கு அது வாயில் சிறு கொப்புளம் தருவதோடு சரி. மனிதருக்கு வந்தாலோ மூளையைத் தாக்கும். 1932ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ஆராய்ச்சிக் குரங்கு கடித்து இறந்த மருத்துவர் ஒருவரின் உடலிலிருந்து இது முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டில் ஹாங்காங்கில் காட்டுக் குரங்குகளால் காயமுற்ற ஒருவருக்கு இந்நோய் உறுதி செய்யப்பட்டது. உலகெங்கும் இதுவரை பதிவான நோயாளிகள் மிகச் சிலரே. அதனால் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. எனினும் குரங்கு கடித்ததை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல இதுவும் ஒரு காரணம்.

மாணவர்களே, இந்த நோய்களுக்கெல்லாம் அஞ்சிக் குரங்கை அடித்து விரட்டுவது அறிவுடைமையாகாது. அடிபட்ட குரங்குதான் கடிக்கும். அதற்குக் கையால் தின்பண்டம் கொடுத்து மேலே ஏறிப் பிடுங்கப் பழக்குவதும் தவறே. சற்று எட்ட நின்று பார்த்து மகிழ்வது இரு தரப்புக்கும் நல்லது. கோயிலிலோ, மலையடியிலோ, காட்டுப் பாதையிலோ குரங்கு செத்துக் கிடந்தால் தொடாதீர்கள். குச்சியால் புரட்டவும் வேண்டாம். இடத்தையும் நாளையும் குறித்துக்கொண்டு வனத்துறைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ தெரிவியுங்கள். கியாசனூர் நோயின் வரலாறு அப்படி யாரோ கிராமத்தார் சொன்ன ஒரு செய்தியிலிருந்துதான் தொடங்கியது.